கழற்றத் தோன்றாத அங்கியே காக்கும் அங்கி



பள்ளி விடுமுறை நெருங்குகிறது. விடுமுறைக்கு எங்கே செல்லப் போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். "அப்பாவோடு கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறேன் ஐயா" என்று இருவர் கை தூக்கினர். தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறை, ஈயக்குட்டை ஓரத்தில் மூங்கில் கழியோடு நின்று மீன் பிடித்தது. இன்றைய பிள்ளைகள் போர்ட்டிக்சன் கடலிலும் கெனீர் ஏரியிலும் படகில் அமர்ந்து தூண்டில் வீசுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சிதான். ஆயினும், அவர்களை அனுப்பும் முன் உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலில் விழுந்தவன் என்பதே இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன், என் மகன் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, போர்ட்டிக்சனில் இருவர் அமரும் கயாக்கில் மீன் பிடிக்கச் சென்றோம். நண்பர் ஒருவர் தம் படகில் உடன் வந்தார். மகனுக்கு அங்கியை நானே மாட்டி, பட்டைகளை இறுக்கிவிட்டேன். நானும் ஒன்றை அணிந்துகொண்டேன். மலிவாகக் கிடைத்தது என்பதற்காக வாங்கிய அங்கி அது. இருக்கையின் சாய்மானம் முதுகுப் பக்கத்து நுரைப்பஞ்சை மேலே தள்ள, கழுத்துப் பகுதி தாடையில் இடித்துக்கொண்டே இருந்தது. தூண்டில் வீசும்போதெல்லாம் அக்குள் உரசியது. வெயிலும் ஏறியது. எனக்கு நீந்தத் தெரியும், கரையும் கண்ணுக்குத் தெரிகிறது என்ற துணிவில் அதைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகினேன்.

மகனின் தூண்டிலில் ஒரு கொடுவா சிக்கியது. ஆர்வத்தில் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். படகு கவிழ்ந்தது. மகன் உடனே மேலே வந்து மிதந்தான். நானோ, தூண்டில் கயிறு காலைச் சுற்ற, உப்புநீரை விழுங்கித் தத்தளித்தேன். என் அங்கி பத்தடி தொலைவில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் மிதக்கும் திறனில் ஒரு குறையும் இல்லை. அதனுள் நான்தான் இல்லை. கவிழ்ந்த படகை எப்படியோ பற்றிக்கொண்டேன். நண்பர் வந்து சேர்ந்தார்.

கரை ஏறியதும் மகன் கேட்டான்: "அப்பா, எனக்கு மட்டும் ஏன் போட்டுவிட்டீர்கள்?"

பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அன்று கற்றதை இன்று என் கருத்தாகச் சொல்கிறேன். அங்கியைப் பொறுத்தவரை வசதி என்பது ஆடம்பரமன்று, வசதியே பாதுகாப்பு. உறுத்தும் அங்கியை மனிதன் கழற்றிவிடுவான். நம் நாட்டு வெயிலில் இன்னும் விரைவாகக் கழற்றுவான். படகு கவிழ்ந்த பின் தண்ணீருக்குள் அதை அணிந்துகொள்வது மிகக் கடினம். ஆகவே, கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "என்ன விலை?" என்பதன்று; "நான்கு மணி நேரம் இதைக் கழற்றாமல் இருப்பேனா?" என்பதே.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

அங்கியின் உட்புறச் சீட்டில் நியூட்டன் கணக்கில் ஓர் எண் இருக்கும். அது மிதவைத் திறன். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் விசை. கயாக்கிற்குரிய அங்கிகள் பெரும்பாலும் 50 நியூட்டன் வகையைச் சேர்ந்தவை. நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் உள்ள இடத்திற்கு அவை போதும். மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே திருப்பும் என்று அவற்றை நம்ப இயலாது. நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டன் வகையும் அமைதியான நீரும் வேண்டும். கரையை விட்டு நெடுந்தொலைவு செல்பவருக்கென 150 நியூட்டன் வகை உண்டு. எண் கூடக் கூட அங்கியும் பொதுவாகப் பருமனாகும். எங்கே போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கியை அடுத்து முடிவு செய்யலாம்.

கயாக்கில் மீன் பிடிப்பவர் மணிக்கணக்கில் சாய்ந்து அமர்ந்திருப்பவர். அவருக்கென்றே, முதுகின் கீழ்ப்பகுதியில் வலைத்துணியும் மேற்பகுதியில் மட்டும் நுரைப்பஞ்சும் வைத்துத் தைத்த அங்கிகள் உள்ளன. சாய்மானம் அவற்றை மேலே தள்ளாது. கைத்துளைகள் அகலமாக இருத்தல் வேண்டும். கடையிலேயே ஒரு நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, துடுப்புப் போடுவதுபோலவும் தூண்டில் வீசுவதுபோலவும் கைகளை அசைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்து அளவு. பெரியவருக்கு மார்பளவு, சிறுவருக்கு உடல் எடை. இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எல்லாப் பட்டைகளையும் இறுக்குங்கள். பின்னர் ஒருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். அங்கி தாடையையோ காதையோ தொட்டால் அது பொருந்தவில்லை.

பெற்றோர்களிடம் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை வளர்வான் என்று சீருடையையும் காலணியையும் ஓர் அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் உயிர்காப்பு அங்கியில் அந்தச் சிக்கனம் ஆகாது. பெரிய அங்கி தண்ணீரில் மேலே ஏறிவிடும். பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிடுவான். இன்றைய எடைக்குரியதையே வாங்குங்கள். சிறு பிள்ளையானால் கால்களுக்கிடையே மாட்டும் பட்டையும், தூக்கி எடுக்க உதவும் கைப்பிடியும் உள்ளதாகப் பாருங்கள்.

காற்று நிரம்பும் மெல்லிய அங்கி இன்னும் வசதியாயிற்றே என்று சிலர் கேட்பர். உண்மைதான், வெயிலுக்கு அது இதமானது. ஆனால் அது வாயுக்குடுவையை நம்பியது. தானே நிரம்பும் வகை, நன்றாக நனைந்துவிட்டால் வேண்டாத நேரத்திலும் நிரம்பக்கூடும். கயிற்றை இழுத்து நிரப்பும் வகை, மயங்கியவருக்குப் பயன்படாது. தூண்டில் முள் அதன் காற்றுப்பையைக் கிழிக்கவும் கூடும். முறையாகப் பராமரிக்கும் பெரியவருக்கு அது பொருந்தலாம். சிறுவர்க்கு நுரைப்பஞ்சு அங்கியே தகும்.

நிறம் கண்ணைப் பறிக்கட்டும். ஊதல் ஒன்று எட்டும் இடத்தில் இருக்கட்டும். பைகளில் ஈயக்குண்டுகளை நிரப்பி மிதவையைச் சுமையாக்காதீர்கள். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பஞ்சு இறுகியோ சுருங்கியோ போனால், துணி வெளுத்து நைந்தால், புதியது வாங்குங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

2010 ஜனவரி 17 அன்று பினாங்குக் கடலில் பள்ளி மாணவர்கள் சென்ற டிராகன் படகு கவிழ்ந்து அறுவர் உயிரிழந்த துயரத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். புறப்பாட நடவடிக்கையாகப் பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும்போது, அங்கிகள் போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டாவா? தோள்பட்டையைத் தூக்கிப் பார்க்கப் பிள்ளை ஒன்றுக்கு அரை நிமிடம் போதும்.

அதற்கு முன் நாம் அணிந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் நம் அறிவுரையைவிட நம் உடம்பில் இருப்பதையே பார்க்கிறார்கள். நமக்கு வேண்டாதது தனக்கு மட்டும் ஏன் என்று அவர்கள் மனத்துக்குள் கேட்டுக்கொள்வார்கள். என் மகன் வாய்விட்டுக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான் வேறுபாடு.

இப்போது என்னிடம் இருப்பது வலைத்துணி முதுகு கொண்ட ஓர் அங்கி. கரையில் மாட்டினால், கரையில்தான் கழற்றுகிறேன். பட்டைகளை இறுக்கிய பின் என் தோள்பட்டைகளைத் தூக்கிச் சோதிப்பவன் என் மகன். அவன் தலையசைத்த பிறகே படகு புறப்படும்.

விடுமுறை இனிதே அமையட்டும்.