ஏசி பூட்டுற பெடியனிட்ட மட்டும் ஏன் பேரம்?

கடையில் ஏசிக்குச் சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். அதைப் பூட்ட வாற பெடியனைக் கண்டவுடன்தான் எங்களுக்குக் கணக்கு வரும். மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கி வேலை செய்பவனிடம், “தம்பி, ஆயிரத்தைக் குறையுமன்” என்கிறோம்.

அவன் எதைக் குறைப்பான்? செப்புக் குழாயும் காஸும் இறக்குமதி. 2022இல் ரூபாய் விழ அவற்றின் விலை ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. ஆகவே வேலையில்தான் குறைப்பான். வெக்கும் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்காமல் காஸைத் திறந்துவிடுவான். கொஞ்சக் காலத்தில் கொம்பிரசர் போய்விடும். இப்போது வருகிற ஆர்-32 பழைய ஆர்-22 மாதிரி இல்லை, தீப்பற்றக்கூடியது. அதற்குக் கருவியும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

“சேர்ட்டிபிக்கட் இல்லாத ஆக்கள்” என்று இகழ்வதும் நாங்கள்தான். பாஸோட நின்று பத்து வருசம் தொழில் பழகியவனின் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ சான்றிதழ் வழங்கும் முறை நைற்றாவில் இருக்கிறது. ஆனால் நாட்கூலிக்காரன் வேலையை விட்டுவிட்டு அதற்கு அலைய வேண்டும். அந்த நாளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?

உரிமம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் உரிமம் எடுத்தவனையும் எடுக்காதவனையும் ஒரே விலைக்கு இழுத்தால், ஏன் ஒருவன் செலவழித்து அதை எடுப்பான்?

அடுத்தமுறை “எவ்வளவு குறைப்பீர்?” எண்டு கேக்காமல், “வெக்கும் போடுவீரோ, சான்றிதழ் இருக்கோ?” எண்டு கேப்பம். ஓம் எண்டால், கேட்ட காசைக் குடுப்பம்.