மழைப் பாட்டும் இரவல் குரலும்

"அந்தக் காலம் பொற்காலம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே கொட்டாவி வந்துவிடும். அந்தக் காலத்தைப் படமாகவும் பிடித்து, அதில் பாட்டையும் கூத்தையும் சேர்த்துவிட்டாலோ, எழுந்தே போய்விடுவேன். கதாநாயகன் வீதியோடு போய்க்கொண்டிருப்பான். திடீரென்று வாயைத் திறந்து பாடுவான். கண்ணுக்குத் தெரியாத முப்பது பிடில்கள் அவனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் பொறுமை தபஸ்விகளுக்குத்தான் உண்டு.

ஆகையால், சென்ற வாரம் ஒரு மழை இரவில் என் தமக்கையின் பெண் 'ஸிங்கிங் இன் தி ரெயின்' என்னும் அமெரிக்கப் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டபோது, நான் மெதுவாக நழுவப் பார்த்தேன்.

"மாமா! பத்து நிமிஷம் உட்காருங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுங்கள்" என்றாள்.

பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தவன் 103 நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். படம் அவ்வளவு நேரந்தான் ஓடுகிறது!

இது 1952-ல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியார் வெளியிட்ட படம். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து டைரக்ட் செய்தது. படம் பிறந்த விதமே வேடிக்கையானது. தயாரிப்பாளரான ஆர்தர் ப்ரீட் முன்னாளில் பாட்டு எழுதியவர். நேஸியோ ஹெர்ப் பிரௌன் மெட்டமைத்த அவருடைய பழைய பாட்டுகள் ஒரு மூட்டை இருந்தன. பெட்டி காம்டன், அடால்ப் கிரீன் என்ற இரண்டு எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, அந்த மூட்டைக்குத் தகுந்தாற்போல் ஒரு கதை கட்டச் சொன்னார். பொத்தானை வைத்துக்கொண்டு சட்டை தைக்கிற காரியம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள். பாட்டுகள் எந்தக் காலத்தவையோ அந்தக் காலத்தையே கதையாக்கிவிட்டார்கள்.

1927-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வார்னர் சகோதரர்களின் 'தி ஜாஸ் ஸிங்கர்' வெளிவந்து, ஊமைப் படத்துக்குச் சாவுமணி அடித்தது அல்லவா? கதை நடப்பது அப்போதுதான். லீனா லாமாண்ட் என்பவள் ஊமைப் பட உலகின் பெரிய நக்ஷத்திரம். முகம் சாக்ஷாத் ரதி. குரலோ கர்ண கடூரம். பேசாத வரையில் கவலையில்லை. பேச வேண்டிய காலம் வந்துவிட்டதே! மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள்; அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேச மறந்துவிடுகிறாள். உடையிலே வைத்துத் தைக்கிறார்கள். அவளுடைய இருதயம் அடித்துக்கொள்வது கேட்கிறது! கடைசியில் படத்தை ஜனங்களுக்குக் காட்டினால், முத்துமாலை உரசும் ஓசை இடி போல் கேட்கிறது. நடுவில் ஒலியும் உருவமும் பிசகிக்கொள்ள, லீனா வாயசைக்கும்போது வில்லனின் கட்டைக்குரலும், வில்லன் வாயசைக்கும்போது லீனாவின் கீச்சுக்குரலும் வருகின்றன. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தமக்கையின் பெண் படத்தை விட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைப் பாட்டைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. காதலியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வரும் கெல்லி வண்டியை அனுப்பிவிடுகிறார். குடையை மடக்குகிறார். விளக்குக் கம்பத்தில் தாவி ஏறுகிறார். கூரைத் தண்ணீர் கொட்டும் குழாயின் கீழே முகத்தை நீட்டுகிறார். பிறகு சாக்கடையோரம் தேங்கிய நீரில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி குதி குதியென்று குதிக்கிறார். போலீஸ்காரர் ஒருவர் வந்து முறைத்ததும் சாதுவாகி, எதிரே வந்த வழிப்போக்கரிடம் குடையைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். இதைப் படம் பிடித்தபோது அவருக்கு 103 டிகிரி சுரம்! 'குட் மார்னிங்' பாட்டுக்கு ஆடி முடித்த டெப்பி ரெய்னால்ட்ஸ் என்ற சின்னஞ்சிறு பெண்ணின் கால்களில் ரத்தம் கசிந்ததாம். திரையில் இருவர் முகத்திலும் இதற்கு அடையாளமே இல்லை.

நிற்க. குரலுக்கு வருவோம். லீனாவைக் காப்பாற்ற முதலாளி ஒரு யுக்திக்குச் சம்மதிக்கிறார். கேதி என்ற ஏழை நடிகை மறைவில் நின்று பேசுவாள், பாடுவாள். திரையில் லீனா வாயசைப்பாள். முடிவில், மேடையில் லீனா வாயசைத்துக்கொண்டிருக்கும்போதே பின்திரை உயர்ந்து, உண்மையில் பாடுகிற கேதி வெளிப்படுகிறாள். சபை கைகொட்டிச் சிரிக்கிறது. திரைக் கயிற்றை இழுக்கும் மூன்று பேரில் முதலாளியும் ஒருவர் என்பதைக் கவனித்தீர்களா? இரவல் குரலுக்குச் சம்மதித்தவர் அவர். ஓடிப்போக வேண்டியவள் மட்டும் லீனா! அவள் பொல்லாதவள்தான்; கேதியை என்றைக்கும் மறைவிலேயே வைத்திருக்கப் பார்த்தவள்தான். இருந்தாலும் அந்த இடத்தில் என் சிரிப்புச் சற்றே நின்றது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. கேதியாக நடித்தவர் டெப்பி ரெய்னால்ட்ஸ். படத்தில் கேதி, லீனாவுக்காக வசனம் பேசுவதாக ஒரு காட்சி வருகிறது. அங்கே கேட்கும் இனிய குரல் டெப்பியுடையது அல்ல. லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்தக் குரல்! அந்த அம்மாளுக்கு இயல்பாகவே அருமையான குரல், கீச்சுக்குரல்தான் நடிப்பு. லீனாவுக்காகக் கேதி பாடும் 'உட் யூ' என்ற பாட்டோ பெட்டி நாய்ஸ் என்ற மூன்றாவது பெண்மணி பாடியது. இரவல் குரலைப் பரிகாசம் செய்யும் படமே இரவல் குரல் வாங்கியிருக்கிறது!

நமக்கு இது பெரிய அதிர்ச்சியாக இராது. 1931-ல் 'காளிதாஸ்' வந்ததற்குப் பிறகு சில காலம் பாடத் தெரிந்தவர்களே இங்கே நடிக்க முடிந்தது. அப்புறம் பின்னணிப் பாட்டு வந்தது. ஆனால் நாம் பாடுகிறவரைத் திரைக்குப் பின்னாலேயே நிறுத்திவிடவில்லை. பி. சுசீலாவின் குரலில் எந்த நடிகை வாயசைத்தாலும், பாடியவர் யார் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்த மட்டில் நாம் ஹாலிவுட்டுக்குப் பாடம் சொல்லலாம் என்று மார்தட்டிக்கொள்ளப் போனேன்.

"பாடுகிறவர்கள் சரி, மாமா. கதாநாயகிகளுக்காக வசனம் பேசுகிறவர்கள்? அவர்களில் நாலு பேர் பெயர் சொல்லுங்கள், பார்ப்போம்!" என்றாள் அவள்.

நான் இரண்டு பேரோடு நின்றுவிட்டேன். தட்டிய மார்பைத் தடவிக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காகப் படத்தை மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னேன். மஞ்சள் மழைச் சட்டையுடன் மூன்று பேர் குடை பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி வருகிறார்கள், திரும்பிச் சிரிக்கிறார்கள், பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கெல்லி இருக்கிறார், டெப்பி இருக்கிறார், ஜீன் ஹேகன் இருக்கிறார். பெட்டி நாய்ஸின் பெயரைக் காணோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். அப்போதும் காணோம்.