கிணற்றுக் கயிறும் பதினோராம் வகுப்பு உயிரியலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பதினோராம் வகுப்பு படிக்கும் என் பெண் உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். புனேக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இங்கே சி.பி.எஸ்.இ. பாடம். தசை எப்படிச் சுருங்குகிறது என்பது அன்றைய பகுதி.

"ஏ.டி.பி. எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"இழுக்கறதுக்குப்பா. எனர்ஜி."

பாதிதான் சரி. மீதிப் பாதியும் புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் ஒப்பித்தாள், ஆனால் கவனிக்கவில்லை. "எங்கே, தமிழில் சொல்லு பார்க்கலாம்" என்றேன். முழித்தாள். உண்மையைச் சொன்னால் நானும் முழித்தேன். அப்புறம்தான் ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது.

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்குத் தெரியும். கயிறு குட்டையாவதில்லை, நம் கையும் குட்டையாவதில்லை. ஒரு கை பிடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது, தள்ளிப் போய் மறுபடி பிடிக்கிறது. வாளி மேலே வந்துவிடுகிறது. தசைக்குள்ளும் இதே கதைதான். ஆக்டின் என்ற மெல்லிய இழைதான் கயிறு. மயோசின் என்ற தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள்தான் கைகள். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை.

இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றை ஒன்று உரசி நகர்கின்றன என்று 1954-ல் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் எழுதின. ஒன்று ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இன்னொன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேவும். (இரண்டு ஹக்ஸ்லிக்கும் உறவு கிடையாது!)

சரி, தலை எப்படி இழுக்கிறது? சாய்ந்து இழுக்கிறது என்று 1969-ல் ஹ்யூ ஹக்ஸ்லி சொன்னார். 1993-ல் ஐவன் ரேமென்ட் குழு மயோசின் தலையின் அமைப்பை வெளியிட்டபோது படம் தெளிவானது. கயிற்றைப் பிடித்த பகுதி பிடித்தபடியே இருக்கிறது. அதன் பின்னால் நெம்புகோல் போல உள்ள பகுதிதான் சுமார் 70 டிகிரி சுழல்கிறது. விரல் பிடித்திருக்க, மணிக்கட்டு திரும்புகிற மாதிரி. ஒரு இழுப்பில் கயிறு நகர்வது 5 முதல் 10 நானோமீட்டர்தான்.

இப்போது ஏ.டி.பி.க்கு வருவோம். அது மயோசினில் வந்து ஒட்டியதும் முதலில் நடப்பது, பிடி விடுவது. பிறகு அது உடைகிறது. தலை அடுத்த இழுப்புக்கு நிமிர்கிறது. மறுபடி ஆக்டினைப் பிடித்து, உடைந்த பாஸ்பேட்டை வெளியே விடும்போது சாய்ந்து இழுக்கிறது. ஆக, புது ஏ.டி.பி. வராவிட்டால் பிடித்த கை விடாது.

"எல்லாக் கையும் ஒரே நேரத்துல விட்டா?" என்றாள். வாளி உள்ளே போய்விடும். அதனால்தான் சில தலைகள் விடும்போது வேறு சில பிடித்திருக்கின்றன.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் என் அப்பா தவறியபோது, நாங்கள் ஊர் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கையைப் பிடித்தேன். விரல்கள் மடங்கி இறுகியிருந்தன, பிரிக்க வரவில்லை. இவளும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ தாத்தா கையில ஏ.டி.பி. தீர்ந்துபோச்சு. விட முடியல. அதானேப்பா?"

அதேதான் என்றேன். ஓரிரு நாளில் அந்தப் புரதங்களே சிதையும்போதுதான் விறைப்பு தளரும் என்பதையும் சொன்னேன்.

என் கட்சி இதுதான். வெளியூரில் இருக்கும் நாம் தமிழை 'சாப்பிட வா', 'செருப்பைக் கழட்டு', ஊருக்குப் போன் பேசுவது என்பதோடு நிறுத்திவிட்டோம். பாடத்தை டியூஷனுக்கு விட்டுவிட்டோம். "பரீட்சை இங்கிலீஷ்ல. எதுக்கு ரெட்டை வேலை?" என்று என் மனைவியே கேட்டார். நியாயமான கேள்வி. கலைச்சொல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் கேட்டால் புத்தகத்து வரி தானாக வந்து விழுகிறது. தமிழில் மனப்பாடம் செய்த வரி கிடையாது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எங்கே புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும், பிள்ளைக்கும் நமக்கும்.

வாரத்தில் அரை மணி போதும். அவள் ஒப்பித்தபோது வராத தாத்தா கேள்வி, கிணற்றைப் பேசியபோது வந்தது.

அடுத்து சிறுநீரகமாம். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எதைச் சொல்லிப் புரியவைத்தீர்கள்? சொல்லுங்களேன்.