மாத்திரை டப்பா நம்ம கையில் தானே?

புராஸ்டேட் சுரப்பியில் பயாப்ஸி எடுக்கும் ஆண்களிடம் சொல்லும் எச்சரிக்கையை, மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 'அது ஆம்பளை சமாச்சாரம், உங்களுக்கு எதற்கு' என்கிறீர்களா?

எங்களுக்கு செந்துறைப் பக்கம் கிராமம். என்னவருக்கு வயது 67. ரத்தத்தில் பி.எஸ்.ஏ., அளவு கூடியிருக்கிறது என்று, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆசனவாய் வழியாக ஊசி செலுத்தி, 12 இடத்தில் துளித்துளியாய் சதை எடுத்து, அன்று சாயங்காலமே அனுப்பி விட்டனர். மறுநாள் கழிப்பறையில் ரத்தம். 'ஒண்ணுமில்ல, நீ போ' என்கிறார் மனுஷன். டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லக் கூச்சமாம்! கல்யாணமாகி 40 வருஷத்துக்குப் பிறகு என்ன கூச்சமோ, போங்க!

ராத்திரி கட்டி கட்டியாய் ரத்தம் வந்து, சிறுநீரும் அடைத்துக் கொண்டது. 108ல் ஏற்றிப் போய், டியூப் போட்டுக் கழுவி விட்ட பிறகு தான் உயிர் வந்தது. எது சாதாரணம், எது ஆபத்து என்று அங்கே இருந்த நர்சம்மா தான் எனக்கு விளக்கினார்.

சிறுநீர் சில நாள் இளஞ்சிவப்பாய்ப் போகலாம். மலத்திலும் லேசாய் ரத்தம் தெரியலாம். தண்ணீர் நிறையக் குடித்தால் குறையும். விந்தில் பல வாரம் செந்நிறம் இருக்கும், பயப்பட வேண்டாம். (இதை எழுத எனக்கும் கூச்சம் தான். வேறு யார் சொல்வார்?) ஆனால், ரத்தக் கட்டி வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குளிர் காய்ச்சல் கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. காய்ச்சல் என்றால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். இந்தப் பயத்தால் தான் இப்போது பல நாடுகளில் ஆசனவாயை விட்டு, அதற்கு முன்புறத் தோல் வழியாக ஊசி போடுகின்றனர்.

இன்னொன்று, மாத்திரை. இதயத்துக்காக என்னவர் சாப்பிடும் மாத்திரைகளை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவே இல்லை. அவரைக் கேட்டாலும், 'வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு' என்பார். எனக்கல்லவா பெயர் தெரியும்! ஆஸ்பிரினை பெரும்பாலும் நிறுத்தாமலே பயாப்ஸி எடுக்கலாமாம். க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை டாக்டர் நாள் கணக்குப் பார்த்து நிறுத்துவார். நாமாக நிறுத்தினால் மாரடைப்பில் கொண்டு விடும்.

அரியலூர் 2007ல் மீண்டும் தனி மாவட்டமாகி, 2022ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்து விட்டது. ஆனால், ராத்திரி 2 மணிக்கு உடையார்பாளையம் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து கிளம்புகிறவளுக்கு, எப்போது கிளம்ப வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டாமா? அனுப்பும்போதே தமிழில் அரைப்பக்க சீட்டு அடித்து, ராத்திரியில் கூப்பிட ஒரு போன் நம்பரும் போட்டு, மனைவி கையில் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாகி விடும்?

- ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்.