சருகைக் கொளுத்தாதீர்கள், எனக்குக் கொடுங்கள்

இன்று காலை ஆறரை மணிக்கு மறுபடியும் அந்தப் புகை. காப்பித் தம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்தவன் எழுந்து உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்த வேண்டியதாயிற்று. என் மனைவிக்கு இளைப்பு உண்டு. சருகுப் புகை பட்டால் அன்று முழுதும் இருமல்தான்.

கொளுத்தியவர் நல்ல மனிதர். என் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதல் ஆளாய் வந்து நிற்பவர். அதனாலேயே முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. அவர் இதைப் படிப்பார் என்று தெரியும், ஆகவே இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இல்லை. வெள்ளக்கடையில் பிப்ரவரி பிறந்தால் சீமாறைக் கையில் எடுத்து, மே மாதம் வரை கீழே வைக்காத எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

அவர் செய்வதைப் பாருங்கள். விடியற்காலையில் தோட்டம் முழுவதையும் பெருக்குகிறார். சில்வர் ஓக் சருகு, பலா இலை, கொய்யா இலை எல்லாவற்றையும் மூலையில் குவித்துத் தீ வைக்கிறார். எட்டு மணிக்கு மோட்டாரைப் போட்டு, பெருக்கிய அதே மண்ணில் குழாயைப் பிடிக்கிறார். பதினோரு மணிக்கு அந்த ஈரம் போன இடம் தெரியாது. சாயங்காலம், "என்ன சார் வெயில் இது, எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் செடி வாடுது" என்று என்னிடமே வருத்தப்படுகிறார். ஒருவனிடமிருந்து குடையைப் பிடுங்கி எரித்துவிட்டு, பாவம், வெயில் தாங்கவில்லையா, இந்தா மோர் என்று கொடுப்பதைப் போல இருக்கிறது.

கோடையில் நம் வீட்டுத் தோட்டங்கள் பலவும் தண்ணீர் போதாமல் சாவதைவிட, மண் அம்மணமாய்க் கிடப்பதால் சாகிறவைதான் அதிகம் என்பது என் கட்சி. மத்தியானம் இரண்டு மணிக்குப் பெருக்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வைத்த கையை எடுத்துவிடுவீர்கள். அதே நேரத்தில், நாலு விரல் கனத்துக்குச் சருகு கிடக்கும் இடத்தில் சருகை விலக்கிக் கை வையுங்கள். குளுமையாக இருக்கும். முந்தாநாள் ஊற்றிய தண்ணீரின் ஈரமும் கையில் படும். இதற்கு ஆராய்ச்சி நிலையம் போக வேண்டியதில்லை.

நம் மலைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். நாம் இங்கே வளர்ப்பவை என்ன? காப்பி, மிளகு, ஆரஞ்சு. மூன்றுக்கும் சாப்பாடு தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், முதல் ஒன்றிரண்டு அடிக்குள்தான் ஓடுகிறது. வேப்பமரம்போல ஆழத்துக்குப் போய்த் தண்ணீரைக் கொண்டுவரும் ஜாதி இல்லை இவை. மேல்மண் சுட்டால் அந்த வேர்கள்தான் முதலில் கருகும். பிறகு குடம் குடமாய் ஊற்றினாலும் குடிக்க வாய் வேண்டுமே.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மரத்தைக் கொன்று தெரிந்துகொண்டேன்.

என் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். அம்மா வீட்டுக்குப் பின்புறம் நான்கு ஆரஞ்சு வைத்திருந்தாள். நான் பள்ளிக்கூடம் போகும் நாளில் நான்கும் காய்க்கும். டிசம்பரில் பழத்தைப் பறித்து, வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கிச் சேலத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவாள். நான் ஓய்வுபெற்று 2011-ல் ஊர் திரும்பியபோது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். முப்பது வருடம் சேலத்தில் அரசு குடியிருப்பில் வாழ்ந்த பழக்கம் எனக்கு, எதையும் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும். அந்த ஆரஞ்சு மரத்தடியில் அம்மா காலத்திலிருந்து சேர்ந்திருந்த சருகையும் மக்கையும் வழித்தெடுத்து, வட்டமாய்ப் பாத்தி கட்டி, பாத்தியைச் சுற்றிச் செங்கல் பதித்து வெள்ளையும் அடித்தேன். படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

வேலைக்கு வரும் ஒரு அம்மா அன்றைக்கே கேட்டார்: "ஏனுங்க சார், மரத்தடியில இருக்கறதயெல்லாம் வழிச்சுப் போட்டுட்டா, அது எதைங்க திங்கும்?" சிரித்துக்கொண்டே, யூரியா போடுகிறேன் என்றேன். போட்டேன், தண்ணீரும் தினமும் ஊற்றினேன். முதல் கோடையில் நுனிக்கிளைகள் காய்ந்தன. இரண்டாவது கோடையில் மரமே போய்விட்டது. மரத்துக்கு முன்பே நோய் இருந்திருக்கலாம். இந்த மலையில் ஆரஞ்சை நோய் விட்டுவைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வெட்டி எடுத்த நாளில் அந்த வட்டப் பாத்தியின் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சரி, எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம்.

முதலில் பாம்பு. இதைச் சொல்லாத ஆளே கிடையாது. இந்தப் பயம் நியாயமானது, நான் கேலி செய்ய மாட்டேன். கண்ணாடி விரியன் சருகில் படுத்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கும், நடக்கும் பாதைக்கும் சருகு வேண்டாம், அங்கே தாராளமாகப் பெருக்குங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதீர்கள். சருகைக் கையால் அள்ளாமல் முதலில் ஒரு குச்சியால் கிளறுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். பாம்பு எதைத் தேடி வருகிறது? எலியைத் தேடி. எலி எதற்கு வருகிறது? நாம் சுவர் ஓரமாய்க் கொட்டும் மிச்சச் சோற்றுக்கும், அடுக்கி வைத்திருக்கும் பழைய ஓட்டுக்கும் விறகுக்கும்தான். அந்தக் குவியலை வருடக்கணக்கில் அப்படியே வைத்திருப்பவர்கள், மரத்தடிச் சருகை மட்டும் பாம்பின் பெயரால் எரிக்கிறார்கள்.

இரண்டாவது, கரையான். சருகைத் தண்டோடு ஒட்டிப் போட்டால் கரையானும் வரும், தண்டும் அழுகும். ஒரு சாண் தள்ளிப் போட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, "சில்வர் ஓக் இலை மக்காதுங்க". ஏற்காடு முழுக்க நிழலுக்கு நிற்கும் இந்த ஆஸ்திரேலிய மரத்தின் இலை மெதுவாகத்தான் மக்கும், உண்மை. கோடைக்கு நமக்கு வேண்டியது அதுதானே! இரண்டு வாரத்தில் கரைந்துபோகும் கல்யாண முருங்கை இலையைவிட, மழை வரும்வரை பாய் விரித்தாற்போலக் கிடக்கும் இலை தேவலாம். மண்ணோடு சேர்த்துக் கொத்திவிடாதீர்கள், மேலேயே கிடக்கட்டும். இரண்டையும் கலந்து போட்டால் இன்னும் உத்தமம்.

நான்காவதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்: பார்க்க அசிங்கமாக இருக்கிறது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டில் பிறந்தவன்தான் நானும். வாசல் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் வாசலுக்கு உள்ள சட்டத்தைத் தோட்டத்துக்குப் போட்டது யார்? 1820-களில் காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இந்த இருநூறு வருடத்தில் காப்பிச் செடிக்கடியில் சருகைப் பெருக்கச் சொன்ன ஒரு முதலாளியைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. என் அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டில் உதிர்ந்த இலை உதிர்ந்த இடத்தில்தான் கிடந்தது. அங்கே கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று தங்கள் வீட்டில் பத்துச் செடி வைத்துக்கொண்டு அதன் அடியை நக்கி எடுத்தாற்போல் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மே மாதக் கோடை விழாவுக்கு அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். அழகுதான், நானும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். ஆனால் அது சில நாள் கல்யாணப் பந்தல். அதற்கென்று ஆள், அதற்கென்று தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டு முன்னால் புல்தரை போடுவதும், வெயில் உச்சத்தில் பெட்டூனியா நடுவதும் தினமும் பந்தல் போட்டுக் குடித்தனம் நடத்துவதற்குச் சமம். விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் வெளியூர்க்காரர்களின் பங்களாக்களில் இதைப் பார்க்கிறேன். ஆள் இல்லாத வீட்டின் புல்லுக்குப் போர் தண்ணீர் ஓடுகிறது. கீழே நம் ஜனங்கள் குடத்தோடு நிற்கிறார்கள்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை. உள்ளே ஏரி ஒன்றும் இல்லை. பாறை விரிசலிலும், மேலே உள்ள மண்ணிலும் ஊறி நிற்பதுதான் நம் கிணற்றுக்கும் போருக்கும் வருகிறது. மார்ச், ஏப்ரலில் காப்பி பூக்க ஒரு மழை பெய்கிறதே, அந்தப் பூ மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து பாருங்கள். பெருக்கிய தோட்டத்திலிருந்து செம்மண் கரைந்து சிவப்பாய் ரோட்டோரம் ஓடும். சருகு கிடக்கும் தோட்டத்திலிருந்து சொட்டு சொட்டாய், அதுவும் தெளிவாய் வரும். ஆயிரம் சதுர அடி இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,850 லிட்டர். அதை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் மோட்டார் போடுகிறோம்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், பெரிய வித்தை இல்லை. மார்ச் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் மரத்தைச் சுற்றி மண் நன்றாக நனைய ஊற்றுவேன். மறுநாள் காலை சருகை நாலு விரல் உயரத்துக்குப் பரப்புவேன். காய்ந்த மண்ணை மூடினால் பிரயோஜனம் இல்லை. தூறல் போட்டால் சருகுதான் நனையும், மண்ணுக்கு ஒன்றும் சேராது. இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடிவிடுவேன். அதன்பின் சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர். தினமும் ஊற்றிய எனக்கு இப்போது வாரம் இரண்டு முறை போதும், அதுவும் சூரியன் இறங்கிய பிறகு.

கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராய்ப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொல்லிவந்தது இதைத்தான். கரூர் மாவட்டம் கடவூரில், மழைக்கு ஏங்கும் வறண்ட நிலத்தில்தான் அவர் வானகத்தை உண்டாக்கினார். ஜப்பானின் மசனோபு ஃபுகோகா 1975-ல் எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழிலும் வந்திருக்கிறது. வயலின் வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுத்தவர் அவர். அவரும் முதலில் தன் அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவனிக்காமல் சும்மா விட்டு, நிறைய மரங்களைச் சாகவிட்டவர்தான். படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மூடி வைப்பது வேறு, சோம்பலாய் விட்டுவிடுவது வேறு.

இன்னும் ஒரு விஷயம், நெருப்பு. கோடையில் நம் மலைச்சரிவில் தீ பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனது நினைவிருக்கும். காற்றடிக்கும் மாதத்தில், காட்டை ஒட்டிய ஊரில், தினமும் விடிந்ததும் தீ மூட்டுவது என்ன தைரியம்? போன மார்ச்சில் மேலே ஒரு தோட்டத்திலிருந்து பறந்த பொறி என் வேலியில் விழுந்து, மூன்று மிளகுக்கொடி போயிற்று. நல்லவேளை, பகல் நேரம். உடனே, "சருகைப் பரப்பி வைத்தால் அதுவும் எரியாதா?" என்று கேட்பீர்கள். எரியும். அதனால் வேலி ஓரம் ஆறடியைச் செதுக்கி வெறுமையாக வைத்திருக்கிறேன். பெருக்கியே தீர வேண்டும் என்று கை அரித்தால் அங்கே பெருக்கலாம். சட்டமும் நம் பக்கம் இல்லை என்று சொல்லிவைக்கிறேன். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. நான் யார் மேலும் புகார் கொடுக்கப் போவதில்லை. இந்த வயதில் பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்கு எதற்கு வம்பு.

அதற்குப் பதில் ஒரு பேரம் பேசுகிறேன். பெருக்காமல் இருக்க முடியவில்லையா, பெருக்குங்கள். கொளுத்தாமல் சாக்கில் கட்டி என் கேட்டருகே வைத்துவிடுங்கள். சாக்கைத் திருப்பித் தருகிறேன். பலா, சில்வர் ஓக், காப்பித் தொலி எதுவானாலும் சரி. பால் பாக்கெட்டும் மாத்திரை அட்டையும் மட்டும் கலக்காதீர்கள், போனமுறை ஒரு சாக்கில் பாதி அதுதான் இருந்தது. அம்மாவின் ஆரஞ்சு நின்ற இடத்தில் போன வருடம் ஒரு கன்று வைத்திருக்கிறேன். இடுப்பளவு வந்திருக்கிறது. அதற்கு இந்தக் கோடைக்கு இன்னும் இரண்டு சாக்கு வேண்டும்.