டெக் திண்ணை: லேப்டாப்புக்கு எத்தனை டிகிரி காய்ச்சல்?

ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் காந்திகிராமம், சின்னாளபட்டிப் பக்கம் மதியம் ஒரு மணிக்கு ஃபேன் காற்றே அனலாக அடிக்கும். அந்த நேரத்தில் லேப்டாப்பில் ஒரு வீடியோவும் நாலு டேபும் திறந்தால் போதும். உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் 'உஸ்ஸ்' என்று இரைய ஆரம்பித்துவிடும்.

'சூடு ஏறிடுச்சு, வேகமா சுத்து' என்று அந்த ஃபேனுக்குச் சொன்னது யார்?

அதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்ன கண்காணிப்பு சிப்கள் இருக்கின்றன. வெப்பம் எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு, ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அளப்பதுதான் இவற்றின் வேலை. சிப் சொல்வதை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் புரியவைக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் 'டிரைவர்'.

லினக்ஸ் தெரியும்தானே? 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அந்தக் கெர்னலில் கண்காணிப்பு சிப்களுக்கென்றே 'எச்டபிள்யூமான்' என்று தனிப் பிரிவு உண்டு. புதிய டிரைவர் எழுதி அனுப்புகிறவர் கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் எழுத வேண்டும் என்பது அங்கே விதி.

குறிப்பில் என்ன இருக்கும்?

எந்தெந்த சிப்புக்கு இந்த டிரைவர் பொருந்தும், தயாரிப்பாளரின் தகவல் ஏடு எங்கே கிடைக்கும், யார் எழுதியது, எந்தக் கோப்பில் எந்த அளவு வரும், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது. பெரும்பாலும் ஓரிரு பக்கம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

லினக்ஸில் வெப்பநிலைக் கோப்பைத் திறந்தால் 45000 என்று இருக்கும். பதற வேண்டாம். கெர்னலுக்குள் தசமப் புள்ளிக் கணக்கைத் தவிர்ப்பார்கள். அதனால் டிகிரியை ஆயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக வைப்பது வழக்கம். 45000 என்றால் 45 டிகிரி செல்சியஸ். இதைச் சொல்வது குறிப்புதான்.

இன்னொன்று. 12 வோல்ட் அளக்க வேண்டிய இடத்தில் பல சிப்களால் அவ்வளவு பெரிய அளவை நேரடியாகத் தாங்க முடியாது. மின்தடைகள் வைத்துக் குறைத்துத்தான் சிப்புக்குக் கொடுப்பார்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். சிப்புக்கே அது தெரியாது. விஷயம் தெரியாதவர் 3 வோல்ட் என்ற எண்ணைப் பார்த்து, 'பவர் சப்ளை போச்சு' என்று புதிதாக ஒன்று வாங்கிவிடுவார்.

20 டிகிரி பொய்

2017-ல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 1800எக்ஸ் பிராசஸர் வந்தபோது, 'இவ்வளவு சூடா?' என்று பலர் குழம்பினார்கள். விஷயம் இதுதான். ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்காக அந்த பிராசஸர் வெளியே சொல்லும் எண், உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதல். உள்ளே 50 என்றால் வெளியே 70. ஏஎம்டி பிராசஸர்களுக்கான 'கே10டெம்ப்' டிரைவரின் குறிப்பு இதைப் பிரித்துச் சொல்கிறது: ஒன்று அளந்த வெப்பம், மற்றொன்று குளிரூட்டலைக் கட்டுப்படுத்த மட்டும் வைத்திருக்கும் எண். அதைப் படித்தவருக்குப் பயம் இல்லை.

இதைவிட மோசமான கதையும் உண்டு. 1990-களின் இறுதியில் தொடங்கிய 'எல்எம் சென்சார்ஸ்' திட்டத்தில், கம்ப்யூட்டருக்குள் என்னென்ன சிப் இருக்கிறது என்று ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. சில ஐபிஎம் திங்க்பேட் லேப்டாப்களில் இருந்த நினைவக சிப் ஒன்று, அந்தத் தட்டலை 'என்மேல் எழுது' என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த தகவல் கெட்டுப்போய், லேப்டாப் பூட் ஆகவே மறுத்தது. வெப்பம் பார்க்கப் போனவர்களுக்கு லேப்டாப்பே போய்விட்டது! அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தில் திங்க்பேடுக்கென்றே தனி எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார்கள், பாதுகாப்பும் சேர்த்தார்கள்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எந்தச் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவர் கையில் கொடுத்தால் உடைத்துத்தான் திறப்பார்.

யார் எழுதுகிறார்கள்?

சிப் நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் எழுதுகிறார்கள், தன் மதர்போர்டில் ஃபேன் வேகம் தெரியவில்லையே என்று உட்கார்ந்த தனி மனிதர்களும் எழுதுகிறார்கள். சில சிப்களின் தகவல் ஏட்டை நிறுவனங்கள் வெளியிடுவதே இல்லை. அப்போது சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்ததை எழுதி வைப்பதுதான் ஒரே வழி. 2019-ல் இந்தப் பழைய குறிப்புகளை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றி, வெப்சைட்டில் படிக்கும்படி ஒழுங்குபடுத்தினார்கள்.

கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளே, உள்ளே நுழைய இது நல்ல வாசல். பட்டம் கேட்க மாட்டார்கள். தவறான ஒரு வரியைத் திருத்தி, உங்கள் பெயரில் கையொப்ப வரி சேர்த்து, மெயிலில் அனுப்பினால் பொறுப்பாளர்கள் பார்ப்பார்கள். குறை இருந்தால் சொல்வார்கள். சரியென்றால் உங்கள் பெயரோடு உலகம் முழுக்கப் போகும். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் 1956-ல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கப்பட்டதே, வேலையும் படிப்பும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற காந்தியச் சிந்தனையில்தான். அந்தச் சிந்தனைக்கு இதுவும் பொருந்தும் வேலை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வீட்டில் லினக்ஸ் லேப்டாப் இருந்தால் 'எல்எம் சென்சார்ஸ்' நிறுவி, டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து பாருங்கள். வெப்பநிலையும், அதற்குப் பக்கத்தில் எச்சரிக்கை எல்லையும் வரும். ஏதாவது எண் விநோதமாக இருந்தால் உடனே சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். முதலில் அந்த டிரைவரின் குறிப்பைப் படியுங்கள். அதில் பதில் இல்லையா? அப்படியென்றால் அங்கே எழுத வேண்டிய வரி ஒன்று பாக்கி இருக்கிறது.