அம்மா மலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகள்

தேனி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

தேவாரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பால்வாடிகளில் இருக்கும் சில பிள்ளைகளைப் பற்றிய மடல் இது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மூன்று வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, சுவரைப் பிடித்தே நடக்கிற பிள்ளை, மற்றவர்கள் கைதட்டிப் பாடினால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுகிற பிள்ளை. இவர்களுக்கென்று திட்டமே இல்லை என்று குறைசொல்ல வரவில்லை. திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் பகல் பதினோரு மணிக்குப் பிள்ளையின் தாய் வீட்டில் இருப்பாள் என்ற கணக்கில்தான் அவை போடப்பட்டிருக்கின்றன. தேவாரத்தில் அந்தக் கணக்கு உதைக்கிறது.

இங்கே விடியுமுன் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் வந்துவிடும். சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டு இந்த ஊர் எத்தனை காலமாக மனுக் கொடுக்கிறது என்பது உங்கள் அலுவலகக் கோப்புகளுக்கே தெரியும். அது வராததால், கண்ணெதிரே தெரிகிற மலைக்குப் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏற வேண்டியிருக்கிறது. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை முடித்து, அதே ஜீப்பில் இறங்கி வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். பிள்ளை எழுவதற்கு முன்னால் போகிற தாய், அது தூங்கப்போகும் நேரத்துக்கு வருகிறாள். இடைப்பட்ட பொழுதில் பிள்ளையைப் பார்ப்பவர்கள் அப்பத்தாவோ அம்மாச்சியோ ஒருத்தி, பால்வாடி டீச்சர் ஒருவர், அவ்வளவுதான்.

பேச்சு வரவில்லையே என்று கேட்டால் அப்பத்தாவிடம் பதில் தயாராக இருக்கும்: “இவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான்.” அவரைத் தப்புச் சொல்ல முடியாது. தன் வீட்டுப் பிள்ளை ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பார்க்கும் டீச்சருக்குத்தான் அது தெரியும். இந்த மலையடிவாரத்தில் ஒரு குழந்தையின் குறைபாட்டை முதலில் கண்டுகொள்ளக்கூடிய கண் அவருடையது. டாக்டர் அதற்கு அப்புறம்தான்.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் குழு வரும் நேரத்தில் தாய் மலையில் இருக்கிறாள். பரிந்துரைச் சீட்டு அப்பத்தா கைக்குப் போகிறது. அங்கிருந்து சாமி படத்துக்குப் பின்னால் போகிறது. சீட்டில் எழுதியிருக்கிற இடம் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேவாரத்திலிருந்து போடிக்கு ஒரு பஸ், தேனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா சோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். மூன்று பஸ் மாறி வந்த பிள்ளை புது இடத்தில் தூங்காமல் அழுதால் இன்னொரு நாள் வர வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. காய்ப் பறிப்புக் காலத்தில் அடிக்கடி லீவு போட்டால் ஜீப்பில் அவள் இடத்துக்கு வேறொருத்தி ஏறிவிடுவாள்.

இதில் காலம் கடந்தால் திரும்பாத காரியங்கள் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். அப்பத்தா சொல்கிற அந்த ‘அஞ்சு வயசு’ வரை காத்திருந்தால் அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

சட்டமும் ஆறு வயதுக்கு முன் கைவிடுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்து 18 வரைக்கும்தான் தருகிறது. கல்வி உரிமைச் சட்டமும் ஆறில்தான் தொடங்குகிறது. மூளை வேகமாக வளரும் ஆறு வருடத்துக்கு உரிமை இல்லை, ‘சேவை’ மட்டும். வீட்டுக்காரர்களுக்கு இதில் கண்ணில் படுவதெல்லாம் அடையாள அட்டையும், கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதாமாதம் வரும் பராமரிப்புத் தொகையும். அந்தப் பணம் தேவைதான், மறுக்கவில்லை. அட்டை கிடைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று குடும்பமும் நினைக்கிறது, சில நேரம் அலுவலகமும் நினைக்கிறது.

2023 நவம்பரில் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அறிகுறிகளைக் கண்டறிவது, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணைநிற்பது, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது என்று மூன்று படி. படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, செல்போனில் விவரம் ஏற்றி, கர்ப்பிணிகள் கணக்கும் எழுதுகிற டீச்சருக்கு ஒரு நாள் பயிற்சியும் ஒரு புத்தகமும் போதுமா? காதைப் பொத்துகிற பிள்ளையைப் பாட்டு நேரத்தில் என்ன செய்வது என்று அவருக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டாமா? இப்போது ஆயாம்மா மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார். அது அன்பு. அந்த அன்பிலேயே ஒரு வருடம் ஓடிவிடுகிறது, பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாமல்.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளின் வீடு தேடி அனுப்புகிறது. சிகிச்சையாளர்கள் அவர்களை வழிநடத்துகிறார்கள். சென்னையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் ‘உபநயன்’ என்ற பெயரில் பிறந்தது முதல் ஆறு வயது வரைக்குமான பயிற்சி முறையையே உருவாக்கியது. அங்கே பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவரும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தேவாரத்தில் அந்த வீட்டு ஆள் யார்? அப்பத்தா. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. கையால் செய்து காட்டினால் அப்படியே செய்வார். மூன்று தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்த கை அது.

மாநிலத்தில் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். அத்தனைக்கும் சேர்த்து உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். நலவாழ்வு, ஊட்டச்சத்து, மாற்றுத்திறனாளிகள் நலம், பள்ளிக்கல்வி என நான்கு துறையும் உட்காரும் மேசை உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடாது; மருத்துவக் குழுவை அன்றைக்குத் தேவாரத்துக்கு அனுப்புங்கள், அன்றைய பணிக்கு ஒரு வேலைநாளில் மாற்று விடுப்புக் கொடுத்து. காது சோதனைக் கருவியும் இயன்முறை, பேச்சுப் பயிற்சி நிபுணர்களும் மாதம் ஒரு முறை இங்கேயே வரட்டும். மூன்று பஸ் ஏறுவது அவர்களாக இருக்கட்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்குப் போவதுபோல் பால்வாடிக்கும் வாரம் ஒரு நாள் வந்து, டீச்சரோடும் அப்பத்தாக்களோடும் தரையில் உட்கார வேண்டும். தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ மையங்களைத் திறந்துவருகிறார்கள். அதில் மலையடிவாரத்தையும் சேர்க்கச் சொல்லிச் சென்னைக்கு நீங்கள் எழுதினால் எடுபடும். நாங்கள் எழுதினால் மனு.

இன்னொன்று. சில குடும்பங்கள் பிள்ளைகளோடு மலையிலேயே தோட்டத்து லயக் குடியிருப்புகளில் தங்கிவிடுகின்றன. அந்தப் பிள்ளைகள் இடுக்கிப் பக்கத்து அங்கன்வாடியில் மலையாளம் கேட்டு வளர்ந்து, திருவிழாவுக்கும் வேலை ஓய்ந்த மாதங்களுக்கும் கீழே வருகிறார்கள். பேச்சு தாமதப்பட்ட ஒரு பிள்ளைக்கு இரண்டு மொழிக் குழப்பமா, காதில் கோளாறா என்று பார்க்க இரண்டு பக்கத்துப் பதிவேடும் தேவை. அவை போடிமெட்டைத் தாண்டுவதில்லை. இடுக்கி ஆட்சியரிடம் இதை நீங்கள்தான் பேச முடியும்.

பங்குனி, சித்திரையில் காய் ஓய்ந்து மலையில் வேலை குறையும். முதல் முகாமை அப்போது வையுங்கள். வீடு வீடாகச் சொல்லவும், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகளை எடுத்து வரச் செய்யவும் ஊரில் ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தேவாரத்துக்காரன்